பழைய வால்வு ஒலிபெருக்கி: வாங்குதலும் பழுது பார்த்தலும்

பழம்பொருள்களை விரும்பி வாங்குவோரிடம் ஒரு கொள்கை உண்டு. பிறர் கை படாமல், செய்தவன் செய்தபடியே இருப்பதற்குத்தான் அவர்கள் மதிப்புக் கொடுப்பார்கள். செப்புக் குடமாயினும் சரி, தேக்குப் பெட்டியாயினும் சரி, புது மெருகு ஏற்றப்பட்டது என்று தெரிந்தால் முகத்தைச் சுளிப்பார்கள். குடத்துக்கும் பெட்டிக்கும் இந்தக் கொள்கை பொருந்தும். அவை இருந்த இடத்தில் இருந்தபடி யாருக்கும் தீங்கு செய்வதில்லை. ஆனால் மின்சாரத்தால் இயங்கும் ஒரு பழம்பொருளிடம் இதே கொள்கையைக் கடைப்பிடித்தால் அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அத்தகைய பொருள் ஒன்றைப் பற்றி இன்று பேச எண்ணுகிறோம். பேஸ் கிதார் வாசிப்போர் ஆவலுடன் தேடும் பழைய வால்வு ஒலிபெருக்கியே அது. அதை வாங்கும்போதும் பழுது பார்க்கும்போதும் நம் முன் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: அதில் எதை மாற்றியே தீர வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும்?

பேஸ் கிதார் நான்கு தடித்த தந்திகளை உடைய வாத்தியம். வாத்தியக் கோஷ்டியில் அது முன்வந்து பாடுவது அரிது. மற்ற வாத்தியங்கள் ஊன்றி நிற்பதற்கு அடித்தளம் அமைத்துக் கொடுப்பதே அதன் பணி. இளையராஜாவின் திரைப்பாடல்களைச் செவி கொடுத்துக் கேட்டவர்கள், பாட்டுக்கு அடியில் தனியொரு பாட்டாக நடந்து செல்லும் அந்தக் கனத்த நாதத்தை அறிவார்கள். அதன் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலியைக் கூடம் நிறையும்படி கேட்பிக்க வேண்டுமானால், வலிமையான ஒலிபெருக்கி இன்றியமையாதது.

இந்த வாத்தியத்துக்கும் அதற்கான ஒலிபெருக்கிக்கும் பெயர் வாங்கித் தந்தவர் லியோ ஃபெண்டர். அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த புல்லர்டன் என்ற ஊரில் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர் அவர். அவருடைய ‘பிரிஸிஷன் பேஸ்’ 1951-ல் வெளிவந்தது. அதற்கு ஏற்ற ‘பேஸ்மேன்’ ஒலிபெருக்கி அடுத்த ஆண்டிலேயே வந்தது. முதலில் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுடன் வந்த பேஸ்மேன், பின்னர் 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்குடன் வந்தது. 1950-களின் இறுதியில் வந்த அந்த நான்கு ஸ்பீக்கர் பெட்டியைப் பேஸ் வாசித்தவர்களைவிட மற்றக் கிதார்க் கலைஞர்களே அதிகம் விரும்பினார்கள். லண்டனில் வாத்தியக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், தம் கடையின் முதல் ஒலிபெருக்கியை 1962-ல் உருவாக்கியபோது இந்தப் பேஸ்மேனின் மின்சுற்றையே முன்மாதிரியாகக் கொண்டார். கிழக்குக் கரையில் ஆம்பெக் என்ற நிறுவனம் 1960-ல் ‘போர்ட்டாஃப்ளெக்ஸ்’ என்ற பெட்டியைக் கொண்டு வந்தது. அதில் ஒலிபெருக்கிப் பகுதியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடி எடுத்துச் செல்லலாம். அதே நிறுவனம் 1969-ல் 300 வாட் வலிமையுள்ள பெரிய வால்வு ஒலிபெருக்கியையும் செய்தது.

இவற்றுள் ஒன்றை மட்டும் உதாரணமாக எடுத்துக் கொள்வோம். 1964 முதல் 1967 வரையில் கறுப்பு முகப்புடன் வந்த ஃபெண்டர் பேஸ்மேன், ஒலிபெருக்கி ஒரு பெட்டி, ஸ்பீக்கர் ஒரு பெட்டி என இரண்டாகப் பிரிந்தது. ஏறக்குறைய 50 வாட் தருவது. 1967-க்குப் பின் வந்த வெள்ளி நிற முகப்புள்ள பெட்டிகள் இதற்கு நெருங்கிய உறவினம். நான்கு ஸ்பீக்கர் பேஸ்மேனைப் போல இவற்றின் விலை வானத்தைத் தொடுவதில்லை. எனவே, பழைய வால்வு ஒலிபெருக்கி ஒன்றை வாங்கிப் புழங்க விரும்பும் சாமானியக் கலைஞனுக்கு இவையே உகந்தவை.

வால்வு என்பது காற்றை வெளியேற்றிய ஒரு கண்ணாடிக் குமிழ். பழைய வானொலிப் பெட்டியின் பின்புறத்தில் செந்நிறமாக ஒளிர்ந்ததைப் பெரியோர் பலர் கண்டிருப்பார்கள். உள்ளே ஓர் இழை காய்ந்து, தன்னைச் சூழ்ந்த கேதோடு என்னும் குழலைச் சூடாக்குகிறது. அதிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. எதிரே உள்ள பிளேட் என்னும் தகட்டுக்கு உயர்ந்த மின்னழுத்தம் கொடுக்கப்பட்டிருப்பதால், அது அவற்றைத் தன்பால் இழுக்கிறது. நடுவில் கிரிட் என்ற மெல்லிய கம்பிச் சுருள் நிற்கிறது. மதகுப் பலகையைச் சிறிது ஏற்றி இறக்கினால் கால்வாய் நீர் பெருகுவதும் குறைவதும் போல, கிரிட்டில் கொடுக்கும் சிறு மாறுதல், பிளேட்டை நோக்கிச் செல்லும் ஓட்டத்தில் பெரிய மாறுதலாக வெளிப்படுகிறது. கிதாரிலிருந்து வரும் மெல்லிய மின் அலையைச் சிறு வால்வுகள் படிப்படியாக வளர்க்கின்றன. முடிவில் 6எல்6ஜிசி என்ற பெரிய வால்வுகள் இரண்டு அதற்கு வலிமை ஊட்டுகின்றன. அவற்றின் உயர்ந்த மின்னழுத்தத்தை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி இறக்கித் தருவது அவுட்புட் டிரான்ஸ்பார்மர்.

டிரான்ஸிஸ்டர் ஒலிபெருக்கிகள் எடை குறைந்தவை, விலை மலிந்தவை, பலநூறு வாட் தருபவை. திறந்தவெளி மேடைக்கு 50 வாட் வால்வுப் பெட்டியை எடுத்துச் சென்றால் கொட்டு வாத்தியங்களுக்கு நடுவில் அதன் குரல் அமுங்கிப் போகும். பின் ஏன் அதை நாடுகிறார்கள்? தன் எல்லையைத் தாண்டி ஓட்டினால் டிரான்ஸிஸ்டர் ஒலியின் முகட்டைக் கத்தியால் நறுக்கியது போல வெட்டி விடுகிறது. வால்வோ முகட்டை மெல்ல மழுக்கி உருட்டுகிறது. அதனால் அழுத்தி மீட்டும் ஸ்வரம் உடையாமல் தடிக்கிறது; மென்மையாக மீட்டியது தெளிவாகவே நிற்கிறது. விரலின் அழுத்தத்துக்குக் கருவி பதில் சொல்வது போன்ற உணர்ச்சி வாசிப்பவனுக்கு உண்டாகிறது. ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் சிறு அரங்குக்கும் இது ஏற்றது. இந்த நயம் தனக்குத் தேவையா என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு, பிறகுதான் பணப்பையைத் திறக்க வேண்டும்.

வாங்கப் போகுமிடத்தில் பெட்டியின் வெளித்தோற்றம் நம்மை மயக்கலாம். கிழிந்த உறையும் துருப்பிடித்த மூலைத் தகடும் பெரிய குறைகள் அல்ல. உள்ளே இருக்கும் இரண்டு டிரான்ஸ்பார்மர்களே அந்தக் கருவியின் உயிர்நிலை. அவை அசலானவையா, கருகிய வாடை வருகிறதா, மெழுகோ தாரோ உருகி வழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியின் உட்புறம் ஒட்டியிருக்கும் வால்வு அட்டவணைத் தாளில் இரண்டு ஆங்கில எழுத்துகள் முத்திரையிடப்பட்டிருப்பது வழக்கம். முதல் எழுத்து ஆண்டையும், இரண்டாம் எழுத்து மாதத்தையும் குறிக்கும். ‘ஏ’ என்பது 1951. அந்த வரிசைப்படி ‘என்’ என்பது 1964. வால்யூம் கண்ட்ரோலின் முதுகிலும் எண்கள் இருக்கும். 1376612 என்று இருந்தால், முதல் மூன்று எண்கள் செய்த நிறுவனத்தையும், 66 ஆண்டையும், 12 அந்த ஆண்டின் வாரத்தையும் காட்டுகின்றன. பெட்டியின் எழுத்தும் உறுப்புகளின் எண்களும் ஒத்துப் போனால், விற்பவர் சொல்லும் வரலாற்றை ஓரளவு நம்பலாம். ஓர் உறுப்பின் தேதி மட்டும் மற்றவற்றுக்கு நெடுங்காலம் பிந்தியதாக இருந்தால், அது இடையில் மாற்றப்பட்டது என்று கொள்ளலாம்.

‘ஐம்பது ஆண்டுகளாக எவரும் திறந்து பார்க்காத பெட்டி’ என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். அதைக் கேட்டு விலையை உயர்த்த வேண்டியதில்லை. ஐம்பது ஆண்டுகளாகக் கவனிப்பாரற்றுக் கிடந்தது என்பதே அதன் பொருள். பழுது பார்க்கும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். நெடுநாள் உறங்கிய பெட்டியை ‘ஒலிக்கிறதா பார்ப்போம்’ என்று நேரே மின்சாரத்தில் செருகிப் பார்ப்பதற்கும் இசையக் கூடாது. ஒருகணச் சோதனையில் கிழட்டு மின்தேக்கி ஒன்று வெடிக்கலாம். அதனோடு டிரான்ஸ்பார்மரும் போகலாம்.

நம் நாட்டில் வாங்குவோர் கவனிக்க வேண்டிய வேறொரு விஷயமும் உண்டு. அமெரிக்காவில் விற்பதற்காகச் செய்த அக்காலப் பெட்டிகள் 117 வோல்ட்டுக்கு வகுக்கப்பட்டவை. நம் வீடுகளுக்கு வருவதோ 230 வோல்ட், ஏறக்குறைய இரு மடங்கு. பின்புறத் தகட்டைப் படியாமல் செருகினால் ஃபியூஸ் போவது பாக்கியம்; அது போகாவிட்டால் மற்றவை போகும். ஏற்றுமதிக்கென்று செய்யப்பட்ட பெட்டிகள் சிலவற்றில் மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு இருக்கும். இல்லாதவற்றுக்கு மின்னழுத்தத்தை இறக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்று தனியே வேண்டும். பிரயாணிகள் எடுத்துச் செல்லும் கையடக்கமான மாற்றுக் கருவி இதற்கு உதவாது. 500 வாட் தாங்கக்கூடிய, முறையாகச் சுற்றப்பட்ட, மூன்று முனை எர்த் இணைப்பு ஒலிபெருக்கி வரை தொடர்ந்து செல்லக்கூடிய டிரான்ஸ்பார்மராக அது இருத்தல் நலம்.

இன்னொரு நுட்பமும் இதில் அடங்கியிருக்கிறது. அமெரிக்க மின்சாரம் விநாடிக்கு 60 சுழற்சி, நம்முடையது 50. மின்னழுத்தத்தை இறக்கினாலும் சுழற்சி மாறுவதில்லை. 60 சுழற்சிக்கு மட்டும் வகுத்த டிரான்ஸ்பார்மரின் இரும்பு, 50 சுழற்சியில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலான காந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். அதனால் அதிகமாகச் சூடாகும். எனவே முதல் நாள் ஒரு மணி நேரம் ஓட்டிய பின், மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, டிரான்ஸ்பார்மரின் மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். கையை வைத்திருக்க முடியாத சூடு இருந்தால், 50 சுழற்சிக்கென்று சுற்றிய வேறொன்றைப் பொருத்துவதே அறிவுடைமை. அப்போதும் பழையதை எறிந்துவிடாமல் பத்திரப்படுத்த வேண்டும்.

இனிப் பழுது பார்க்கும் வேலைக்கு வருவோம். இதில் முதலிடம் பெறுவது உயிர்ப் பாதுகாப்பு. 1960-களின் அமெரிக்கப் பெட்டிகள் பலவற்றில் இரண்டு முனை ஒயர்தான் இருந்தது. எர்த் இணைப்புக் கிடையாது. ரீங்காரத்தைக் குறைக்கும் பொருட்டு, மின்கம்பி ஒன்றுக்கும் சேஸிஸ் என்னும் உலோகத் தட்டுக்கும் இடையில் சிறு மின்தேக்கி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அந்த மின்தேக்கி முதுமையினால் பழுதுபட்டு உள்ளே இணைந்துவிட்டால், வீட்டு மின்சாரம் நேரே சேஸிஸுக்கு வந்துவிடும். சேஸிஸிலிருந்து கிதாரின் ஒயர் வழியே தந்திகளுக்கு வரும். தந்தியைத் தொட்டுக்கொண்டிருக்கும் கலைஞன், வேறோர் ஒலிபெருக்கியோடு இணைந்த ஒலிவாங்கியில் வாயை வைத்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள மின்சாரம் அவன் உடல் வழியே பாயும். பழுது பார்ப்போர் ஆங்கிலத்தில் இதற்கு ‘மரண மின்தேக்கி’ என்ற பொருள்படப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 1972-ஆம் ஆண்டு மே 3-ஆம் தேதி, வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸீ நகரில், ‘ஸ்டோன் த குரோஸ்’ என்ற குழுவின் கிதார்க் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் இணைப்புச் சரியாக இல்லாத ஒலிவாங்கியைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். அவருக்கு வயது 27. மேடையில் ஒரு கருவியின் எர்த் கெட்டிருந்தாலும் போதும், அத்தனை பேருக்கும் அது அபாயம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே மற்றெல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. இரண்டு முனை ஒயரை அகற்றி, மூன்று கம்பி ஒயரைப் பொருத்த வேண்டும். பச்சைக் கம்பியைச் சேஸிஸில் தனியொரு திருகாணியால் இறுக்க வேண்டும். உயிர்க்கம்பி முதலில் ஃபியூஸுக்கும், அங்கிருந்து சுவிட்சுக்கும் செல்லும்படி இணைக்க வேண்டும். அந்த மரண மின்தேக்கியைக் கழற்றிவிட வேண்டும். இதனால் ஒலி கெடும் என்றோ, பழம்பொருளின் மதிப்புக் குறையும் என்றோ யாரேனும் சொன்னால் செவி சாய்க்க வேண்டியதில்லை. ஒலி கெடுவதில்லை, மதிப்பைவிட உயிர் பெரிது. பெட்டியில் மூன்று முனை வைத்தால் மட்டும் போதாது. சுவரிலுள்ள சாக்கெட்டின் எர்த் உண்மையாகவே பூமியோடு இணைந்திருக்கிறதா என்பதையும் எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துக்கொள்ள வேண்டும்.

வால்வு ஒலிபெருக்கியின் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும், ரேடியோக் கடைக்காரர்கள் ‘ஃபில்டர் கண்டென்ஸர்’ என்று சொல்லும் பெரிய மின்தேக்கிகளில் அது தங்கி நிற்கலாம். ஃபெண்டர் பெட்டிகளில் இவை சேஸிஸின் மறுபுறத்தில் தனியொரு தகட்டு மூடிக்குள் மறைந்திருக்கின்றன. சேஸிஸைத் திறந்து பார்த்து ‘இங்கே பெரிய மின்தேக்கி ஒன்றும் இல்லையே’ என்று புதியவர் ஏமாறக்கூடும். கைவைக்கும் முன், 10,000 ஓம் அளவும் 10 வாட் தாங்கும் சக்தியும் உள்ள ரெஸிஸ்டர் ஒன்றை, நன்றாக உறையிட்ட கவ்விகளுடன் சேஸிஸுக்கும் அந்த மின்தேக்கிகளுக்கும் இடையே இணைத்துச் சில விநாடி வைத்திருக்க வேண்டும். பின்பு 1,000 வோல்ட் தாங்கும் மீட்டரால் அளந்து, மின்னழுத்தம் இறங்கிவிட்டது என்று ஒவ்வொன்றிலும் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் இணைத்துப் பொறி பறக்க விடுவது தவறான வழக்கம். மின்சாரம் உள்ள நிலையில் அளக்க நேர்ந்தால் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பழைய ரேடியோ மெக்கானிக்குகள் சிஷ்யர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறும் மின்சாரம் இருதயத்தின் வழியே செல்லும் என்பதே அதன் காரணம். மின்சார வேலையில் பழக்கமில்லாதவர் இந்தப் பகுதியைத் தாமே செய்ய முற்படாமல், தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே முறை.

அடுத்து ஃபில்டர் கண்டென்ஸர்கள். இவற்றின் உள்ளே ஈரப்பசையுள்ள ரசாயனப் பொருள் இருக்கிறது. அது நாளடைவில் உலர்ந்துவிடும். இருபது ஆண்டு ஒழுங்காக வேலை செய்தாலே பெரிது. அறுபது ஆண்டு ஆனவற்றை வெளித்தோற்றம் நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். பேஸ் வாத்தியத்துக்கு இது இன்னும் முக்கியம். தாழ்ந்த ஸ்வரத்தை ஓங்கி மீட்டும்போது ஒரே கணத்தில் பெருமளவு மின்சாரம் தேவைப்படுகிறது. அதைச் சேமித்து வைத்து வழங்குவன இவையே. இவை சோர்ந்தால் ஸ்வரம் தொளதொளத்துப் போகும், ரீங்காரமும் கூடும். பெரிய வால்வுகளின் ‘பயஸ்’ மின்னழுத்தத்தைக் காக்கும் சிறு மின்தேக்கியையும் இதே சமயத்தில் மாற்றிவிட வேண்டும். அது சிறியது, விலை அற்பமானது. ஆனால் அது கெட்டால் பெரிய வால்வுகள் கட்டுப்பாடிழந்து எரியும்.

இவ்வளவும் மாற்றியே தீர வேண்டியவை. இனி மற்றவற்றிடம் நம் மனப்பான்மை மாற வேண்டும். பழுது பார்க்க உட்கார்ந்தவர்கள் ஆர்வ மிகுதியால் உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிப் புதியதை வைத்துவிடுவது உண்டு. அது வைத்தியம் ஆகாது. வால்வுக்கும் வால்வுக்கும் இடையே ஒலியைக் கடத்தும் மின்தேக்கிகளை ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். முன் வால்வின் உயர்ந்த மின்னழுத்தம் அவற்றின் ஊடே கசிந்து அடுத்த வால்வின் கிரிட்டுக்கு வருகிறதென்றால், அதை மட்டும் மாற்ற வேண்டும். கசியாததை விட்டுவிட வேண்டும். கார்பன் ரெஸிஸ்டர்கள் முதுமையில் தம் அளவு கூடிப் போகும் இயல்புடையவை. 10 சதவீதத்துக்குள் இருந்தால் அவற்றை நீக்க அவசியமில்லை. பெரிதும் விலகியதையும், பொரிவது போலச் சத்தமிடுவதையும் மட்டும் எடுக்கலாம். கரகரக்கும் வால்யூம் கண்ட்ரோலுக்குத் துப்புரவுத் திரவம் சில துளி போதும். தளர்ந்த வால்வு சாக்கெட்டின் பிடிகளை மெல்ல நெருக்கிவிடலாம். டிரான்ஸ்பார்மரையும் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பையும், அவை இயங்குமளவும் தொடக் கூடாது. அந்தக் கருவியின் குரல் பெரும்பாலும் அவற்றில்தான் குடியிருக்கிறது.

வேலை முடிந்த பின் முதன்முறை மின்சாரம் கொடுப்பதற்கு, நம் ஊர் மெக்கானிக்குகள் பயன்படுத்தும் ‘சீரீஸ் பல்பு போர்டு’ மிகச் சிறந்த சாதனம். பழைய இழை பல்பு ஒன்றை, 100 வாட் அளவில், மின்வழியில் தொடராக இணைப்பதே அது. பெரிய வால்வுகளைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டால், பல்பு ஒருகணம் பிரகாசித்து உடனே மங்க வேண்டும். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ குறுக்கிணைப்பு உள்ளது என்பது விளங்கும். பல்பு தடுத்துவிட்டமையால் டிரான்ஸ்பார்மர் பிழைக்கும். எல்லாம் சரியானால் பல்பு போர்டை நீக்கிவிட்டுப் பெரிய வால்வுகளைப் பொருத்தலாம். அதற்கு முன் ஸ்பீக்கரை இணைத்தாக வேண்டும். வால்வு ஒலிபெருக்கியை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் மின்னழுத்தம் மிகுந்து அதன் சுற்றுகள் துளைபடும். நாம் எடுத்துக்கொண்ட பேஸ்மேனுக்கு வேண்டியது 4 ஓம் ஸ்பீக்கர். அதாவது 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டை இணையாகப் பூட்டியது.

முடிவாகச் செய்வது பயஸ் அமைத்தல். வண்டியை நிறுத்தி வைத்திருக்கும்போது எஞ்சின் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று அமைப்பது போன்றது இது. 6எல்6ஜிசி வால்வின் பிளேட் தாங்கக்கூடிய உச்ச வரம்பு 30 வாட். வாசிக்காமல் சும்மா இருக்கும்போது அதில் 70 சதவீதத்தை, அதாவது 21 வாட்டைத் தாண்டக் கூடாது என்பது மெக்கானிக்குகள் கைக்கொள்ளும் விதி. பிளேட் மின்னழுத்தம் 420 வோல்ட் என்று அளந்தால், ஒவ்வொரு வால்விலும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓட விடக் கூடாது, 420-ஐ 0.05-ஆல் பெருக்கினால் 21 வரும். அது வரம்பே அன்றி இலக்கு அன்று. அதற்குக் கீழே, நாதம் இனிமையாக இருக்கும் இடத்தில் நிறுத்தலாம். பிளேட் செந்நிறமாகச் சிவக்கக் கண்டால் அக்கணமே சுவிட்சை அணைக்க வேண்டும். புது வால்வுகள் ரஷ்யாவிலும் ஸ்லோவாகியாவிலும் சீனாவிலும் இன்றும் செய்யப்படுகின்றன. ஆனால் செய்யும் ஆலைகள் விரல்விட்டு எண்ணக் கூடியவை. ஆகையால் உதிரி ஜோடி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது விவேகம்.

மாற்றிய பழைய உறுப்புகளை என்ன செய்வது? அவற்றை எறிந்துவிடாமல் ஓர் உறையிலிட்டு, எந்தத் தேதியில் எது எதற்காக எடுக்கப்பட்டது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியோடு வைக்க வேண்டும். பின்னொரு நாள் அதை வாங்குபவருக்கு அதுவே நேர்மையான வரலாறு. ஒளிவுமறைவின்றிச் செய்த நல்ல வேலை ஒரு பழம்பொருளின் மதிப்பைக் குறைப்பதில்லை என்பது நம் கருத்து.

இந்த வேலையைச் செய்யும் கைகள் எங்கே கிடைக்கும் என்று சிலர் கேட்கலாம். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-ல் வானொலிப் பெட்டிகளுக்கான வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. அந்தக் காலத்தில் வால்வு ரேடியோவைத் திறந்து பழுது பார்க்கத் தெரிந்தவர் நம் தேசத்தில் ஒவ்வோர் ஊரிலும் இருந்தார்கள். டிரான்ஸிஸ்டர் வந்தது, வால்வு போயிற்று, அவர்களும் முதியவர்களானார்கள். ஆயினும் சென்னையின் ரிச்சி தெரு, மும்பையின் லாமிங்டன் சாலை, தில்லியின் லஜபத் ராய் மார்க்கெட், கொல்கத்தாவின் சாந்தினி சௌக் போன்ற இடங்களில் விசாரித்தால், இன்னும் பற்றாசும் மீட்டருமாக அமர்ந்திருக்கும் கைதேர்ந்தவர் ஒருவரைக் கண்டுபிடிக்கலாம். வானொலிப் பெட்டியில் ஓடிய அதே விதிகள்தான் கிதார்ப் பெட்டியிலும் ஓடுகின்றன. சுற்றுப் படத்தைக் கொடுத்தால் அவருக்கு இது புது மொழியாக இராது. இளைஞர்கள் பெட்டியை அவரிடம் விட்டுவிட்டு வந்துவிடாமல், அனுமதி கேட்டு அருகில் அமர்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். ஒலிபெருக்கியை எங்கிருந்தாவது விலை கொடுத்து வாங்கிவிடலாம். அந்தக் கைப்பழக்கத்தை, அவர் இருக்கும்போதே கேட்டுப் பெறாவிட்டால், பின்னர் எவரிடமும் வாங்க முடியாது.